லிப்ட் நடுவழியில் நின்றால்...

உயரமான கட்டிடம் என்றால் ஒரு காலத்தில் பெங்களூருவில் எம்.ஜி. ரோடு பப்ளிக் யுட்டிலிட்டி பில்டிங்கைத்தான் காட்டுவார்கள். 1970-களில் எழுந்த 25 மாடிக் கட்டிடம் அது. இன்றோ ஒயிட்பீல்டு, ஹெப்பால் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடிகள். அங்கெல்லாம் காவல் வேலை, துப்புரவு வேலை, கணக்கு வேலை என்று தினமும் பலமுறை லிப்டில் ஏறி இறங்கும் தமிழர்கள் ஏராளம்.

அந்த லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே திடீரென்று நின்றுவிட்டால்? விளக்கும் அணைந்துவிட்டால்?

உடனே இரண்டு பயம் வரும். ஒன்று, கயிறு அறுந்து லிப்ட் கீழே விழுந்துவிடுமோ என்பது. மற்றொன்று, காற்று தீர்ந்து மூச்சு முட்டிவிடுமோ என்பது.

கவ்விப் பிடிக்கும் பிரேக்

அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் உள்ள லிப்டுகள் பொதுவாக ஒரே கயிற்றில் தொங்குவதில்லை. பல எஃகுக் கயிறுகள் சேர்ந்து தாங்குகின்றன. அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால், இரு பக்கமும் உள்ள தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் பிரேக் தனியாக உண்டு.

எலிஷா ஓடிஸ் என்ற அமெரிக்கர் இப்படி ஒரு பிரேக்கை 1854-ம் ஆண்டு நியூயார்க் கண்காட்சியில் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். உயரத்தில் ஒரு மேடை மீது நின்றுகொண்டு, தன்னைத் தாங்கிய கயிற்றையே வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

காற்றும் தீர்ந்துவிடாது. லிப்ட் கூண்டில் காற்று புக வழிகள் இருக்கின்றன. மின்விசிறி நின்றால் புழுங்கும், வியர்க்கும். அவ்வளவுதான்.

அவசரமே ஆபத்து

உண்மையான ஆபத்து, தானாக வெளியேற முயல்வதில்தான் இருக்கிறது. கதவைப் பிளந்துகொண்டு, பாதி தெரியும் மாடிக்குத் தாவும் நேரத்தில் லிப்ட் நகர்ந்தால் உடல் நசுங்கிவிடும். கூண்டுக்கு அடியில் இருப்பது வெறும் பள்ளம். கால் வழுக்கினால் அதற்குள் விழ நேரிடும். சினிமாவில் வருவது போல மேல்கூரையில் ஏறுவதும் கூடாது.

42 மணி நேரம்

2024 ஜூலையில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது இது. சிகிச்சைக்கு வந்த 59 வயதுக்காரர் ஒருவர், சனிக்கிழமை அங்குள்ள லிப்டில் சிக்கிக்கொண்டார். கையில் இருந்த போன் விழுந்து பழுதாகிவிட்டது. உதவி கேட்டும் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கழிந்தது. திங்கட்கிழமை காலை ஊழியர் வந்து திறந்தபோதுதான் வெளி உலகைப் பார்த்தார். சோர்ந்து போயிருந்தாலும் உயிருடன் மீண்டார்.

லிப்ட் விழவில்லை; காற்று தீரவில்லை. உள்ளே ஆள் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாமல் போனதுதான் அவருக்கு நேர்ந்த துன்பம்.

செய்ய வேண்டியவை

* முதலில் எச்சரிக்கை மணியை அழுத்த வேண்டும். இன்டர்காம் இருந்தால் பேச வேண்டும்.

* லிப்டுக்குள் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பதில் இல்லாவிட்டால் 112. கட்டிடத்தின் பெயர், எந்த லிப்ட், உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும்.

* கன்னடத்தில் கேட்க, "லிப்ட் கெட்டுஹோகிதே, சஹாய மாடி" என்றால் போதும்.

* ஓயாமல் கத்தினால் களைப்புதான் மிஞ்சும். காலடிச் சத்தம் கேட்கும்போது கதவைத் தட்டலாம்.

* கதவில் சாயாமல் தரையில் உட்காரலாம். குழந்தைகளையும் இதய நோயாளிகளையும் பேசித் தேற்ற வேண்டும்.

* மின்சாரம் திரும்பியதும் லிப்ட் தானே நகரக்கூடும். அது மாடிக்குச் சமமாக நின்று, கதவு திறந்த பிறகே இறங்க வேண்டும்.

வெளியே இருக்கும் காவலாளிக்கும் கடமை உண்டு. பயிற்சி இல்லாதவர் சாவி போட்டுக் கதவைத் திறக்கக் கூடாது. மெக்கானிக்கை வரவழைத்துவிட்டு, அவர் வரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஷிப்டு முடிந்து போகும்போது, லிப்டுக்குள் யாரும் இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரத்தை அணைக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை தனியாக வேலை பார்க்கும் குமாஸ்தா, கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நேரத்துக்கு வராவிட்டால் தேடுவதற்கு ஆள் இருக்கும்.