அம்பு ஏன் பக்கவாட்டில் போகவில்லை?

அமிகா 500 என்பது ஒரு பழைய வீட்டுக் கணினி. கொமடோர் நிறுவனம் அதை 1987-இல் விற்கத் தொடங்கியது. கணினியும் விசைப்பலகையும் ஒரே பெட்டியாக இருக்கும். கூடவே வயர் உள்ள ஒரு மவுஸும் உண்டு. மவுஸைத் தமிழில் 'சுட்டி' என்று சொல்கிறோம்.

இந்தச் சுட்டியை நகர்த்தினால் திரையில் அம்பு மேலும் கீழும் போகிறது. ஆனால் இடது பக்கமோ வலது பக்கமோ போகவில்லை. இப்போ என்ன செய்யலாம்? தூக்கிப் போட்டுடலாமா? அவசரப்படாதீங்க! பழுது எங்கே இருக்குன்னு முதலில் தேடுவோம்.

சுட்டிக்குள் என்ன இருக்கிறது?

சுட்டியின் அடியில் ஒரு கனமான பந்து இருக்கிறது. மேசையில் சுட்டியை நகர்த்தினால் பந்து உருளும். பந்து இரண்டு சிறு உருளைகளைத் தொட்டுக்கொண்டு இருக்கும். ஓர் உருளை மேல், கீழ் அசைவுக்கு; இன்னொன்று இடது, வலது அசைவுக்கு.

ஒவ்வோர் உருளையின் முனையிலும் துளைகள் உள்ள ஒரு சக்கரம் உண்டு. சக்கரத்தின் ஒரு பக்கம் விளக்கு. மறுபக்கம் இரண்டு 'ஒளிக் கண்கள்'. சக்கரம் சுற்றும்போது வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். எந்தக் கண்ணுக்கு முதலில் தெரிகிறது என்பதை வைத்து, எந்தப் பக்கம் போகணும்னு கணினி தெரிந்துகொள்ளும்.

துப்பறிவோம்

அம்பு மேலும் கீழும் போகிறது அல்லவா? அப்படின்னா பந்து உருளுது. சுட்டிக்கு மின்சாரமும் வருது. பழுது இடது, வலது வழியில்தான் இருக்கிறது. பாருங்க, வேலை செய்யும் பகுதிகூட நமக்குத் துப்புக் கொடுக்குது!

1. விசைப்பலகையில் அமிகா விசையை அழுத்திக்கொண்டு, வலது அம்பு விசையையும் அழுத்துங்கள். திரையில் அம்பு வலது பக்கம் போகிறதா? அப்போ திரை நன்றாக இருக்கிறது.

2. சுட்டியைத் திருப்பி, அடியில் உள்ள வளையத்தைச் சுற்றிக் கழற்றுங்கள். பந்து கையில் வரும். இப்போது இடது, வலது உருளையை விரலால் சுற்றுங்கள். அம்பு நகர்ந்தால், உருளையில் அழுக்குதான் காரணமாக இருக்கும். பஞ்சுக் குச்சியால் உருளையைத் துடையுங்கள். பந்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வையுங்கள்.

3. விரலால் சுற்றியும் நகரவில்லையா? அம்பு ஒரே இடத்தில் நடுங்குகிறதா? அப்படி நடுங்கினால், இரண்டு கண்களில் ஒன்றின் செய்தி மட்டும் கணினிக்குப் போகவில்லை. வயர் சுட்டிக்குள் நுழையும் இடத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அங்கேதான் வயர் அடிக்கடி வளையும். அதனால் உள்ளே அறுந்திருக்கலாம்.

4. கணினியை அணைத்துவிட்டு, வேறொரு அமிகா சுட்டியை மாட்டுங்கள். அது சரியாக வேலை செய்தால், பழுது பழைய சுட்டியில். அதுவும் பக்கவாட்டில் போகவில்லை என்றால், பழுது கணினியில். சுட்டியின் அசைவை எண்ணும் சில்லுக்கு 'டெனிஸ்' என்று பெயர்! அதைப் பார்ப்பது பெரியவர்கள் வேலை. நீங்கள் கணினியைத் திறக்காதீர்கள்.

நினைவில் வையுங்கள்

கணினி ஓடும்போது சுட்டியைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. உள்ளே இருக்கும் சில்லு கெட்டுப்போகலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுட்டியையும் மாற்றி, கணினியையும் மாற்றினால், எது கெட்டதுன்னு எப்படித் தெரியும்? சைக்கிள் விளக்கு எரியலையா? பொம்மை ரயில் ஓடலையா? அங்கேயும் இப்படித்தான் தேடணும். சில நேரம் ஒரு பஞ்சுக் குச்சியே போதும்!

பதில் சொல்லுங்கள்

1. சுட்டிக்குள் ஏன் இரண்டு உருளைகள் இருக்கின்றன?
2. அம்பு இடது, வலது மட்டும் போனால், எந்த உருளையை முதலில் பார்ப்பீர்கள்?
3. உங்கள் வீட்டில் டார்ச் எரியவில்லை. எதை முதலில் சோதிப்பீர்கள்? ஏன்?