கட்டைக்குள் கிடக்கும் சிறு எடை

ஏஆர்-15 ரகத் துப்பாக்கியின் பின்கட்டைக்குள் ஒரு குழாய் உண்டு. குழாய்க்குள் நீண்ட ஸ்பிரிங். அதன் முனையில் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான அலுமினிய உருளை. எடுத்துக் காதருகே குலுக்கினால் 'கடகட'வென்று கேட்கும். உள்ளே சிறு எடைகள், ரப்பர் வில்லைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நகர்கின்றன. இதுதான் பஃபர். அமெரிக்காவில் உதிரிபாகங்களை வாங்கித் தாங்களே துப்பாக்கி பூட்டிக்கொள்பவர்களில் பலர் குழலுக்கும் தொலைநோக்கிக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். பஃபரை மட்டும் கடையில் கொடுத்தபடி போட்டுவிடுகிறார்கள். இந்த அலட்சியம் தவறு. வியட்நாமில் உயிர்கள் போன பிறகுதான் அந்த உருளை இன்றைய வடிவத்துக்கு வந்தது.

யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த துப்பாக்கி இது. 1959-ல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. சுட்டதும் குழலிலிருந்து கொஞ்சம் வாயு பின்னால் வந்து போல்ட் கேரியரைத் தள்ளும். கேரியர் காலி உறையை வெளியே எறிந்துவிட்டு, பஃபரோடு ஸ்பிரிங்கை அழுத்தி, திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவை ஏற்றும். வாயுவின் வேகமும் பஃபரின் எடையும் பொருந்தினால்தான் இது நடக்கும்.

1964-ல் அந்தப் பொருத்தம் கெட்டது. இதே ரகத் துப்பாக்கியை வாங்கியிருந்த அமெரிக்க ராணுவம் தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியது. நிமிடத்துக்கு 850 சுற்று என்ற வரம்பைத் தாண்டி, சுடும் வேகம் 1,000 வரை ஏறியது. வேகம் கூடியதும் கேரியர் முன்னால் வந்து மோதி ஒரு நொடித்துளி துள்ளும்; அந்த நேரம் பார்த்துச் சுத்தி விழுந்தால் தோட்டா வெடிக்காது. போதாததற்குப் புது மருந்தின் கசடு, குரோம் பூசாத தோட்டா அறையில் ஏறிய துரு. துடைக்கும் கருவிகள்கூடப் பலருக்குக் கொடுக்கப்படவில்லை. காலி உறை அறையிலேயே இறுகிக்கொள்ள, வியட்நாமில் சண்டைக்கு நடுவில் குழலின் வாய்வழியே கம்பியை விட்டுத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் நாடாளுமன்றம் வரை போயின. 1967-ல் ரிச்சர்ட் இகோர்ட் தலைமையிலான துணைக்குழு, ராணுவ அதிகாரிகளின் மெத்தனம் குற்றத்தின் எல்லையைத் தொடுகிறது என்றே எழுதியது. கடுமையான சொல்தான், ஆனால் பொருத்தமான சொல்.

கோல்ட் பொறியாளர் ஃபாஸ்டர் ஸ்டர்ட்வன்ட் பஃபரைக் கையில் எடுத்தார். அதுவரை உள்ளே இருந்த வளைய ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக நகரும் எடைகளை வைத்தார். கேரியர் மோதி நின்ற பிறகு எடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முட்டித் துள்ளலை அமுக்கிவிடும். சுடும் வேகமும் தணிந்தது. குரோம் பூச்சும், வில் ஐஸ்னர் வரைந்த படக்கதைப் பராமரிப்புக் கையேடும் அடுத்தடுத்து வந்தன.

இன்றைய தேர்வும் அதே கணக்குத்தான். நீள ரைஃபிளின் பஃபர் 5 அவுன்சுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 145 கிராம். குட்டையான கார்பைனின் சாதாரண பஃபர் 3 அவுன்ஸ். கார்பைனில் வாயுத்துளை அறைக்கு அருகிலேயே இருப்பதால் அழுத்தம் அதிகம், எடையோ குறைவு. சிக்கல் இங்கேதான். அதனால் எஃகு எடைகளில் ஒன்றை எடுத்துவிட்டு டங்ஸ்டன் வைத்தால் 'எச்', இரண்டு வைத்தால் 'எச்2', மூன்றும் டங்ஸ்டன் என்றால் 'எச்3'.

எது வேண்டும் என்பதைக் காலி உறை காட்டிக்கொடுக்கும். வலப்பக்கம் சற்றுப் பின்வாக்கில் விழுந்தால் நல்லது. முன்னோக்கிப் பறந்தால் பெரும்பாலும் கேரியர் அவசரப்படுகிறது, எடை கூடலாம். பிறகு மேகசினில் ஒரே தோட்டா போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். போல்ட் பின்னால் பூட்டி நிற்காவிட்டால் எடை அதிகமாக இருக்கக்கூடும். வாயுத்துளையே அளவுக்கு மீறிப் பெரிதென்றால் பஃபரால் சரிக்கட்டுவது அரைகுறை வைத்தியம். துளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கப் படைகளின் எம்4ஏ1 கார்பைனில் இருப்பது எச்2: இரண்டு டங்ஸ்டன், ஓர் எஃகு. குலுக்கினால் அதுவும் 'கடகட'வென்றுதான் கேட்கும்.