வண்டிக்கு வண்டி

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். தம்மிடம் உள்ள ஸ்கூட்டரை அலுவலக நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய மோட்டார் சைக்கிளைத் தாம் எடுத்துக்கொள்வது என்று இருவருக்குள்ளும் பேச்சு முடிந்திருக்கிறதாம். விலை வித்தியாசத்துக்காக இவர் கொஞ்சம் பணம் மேலே வைப்பதாகவும் ஏற்பாடு. நடுவில் தரகர் இல்லை, கடைக்காரர் இல்லை. இப்படி வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறதா, ஒப்புக்கொள்ளுமானால் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

சட்டம் தாராளமாக ஒப்புக்கொள்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தால் அது விற்பனை. பொருளுக்குப் பொருள் கொடுத்தால் பரிவர்த்தனை. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் தன் 118-ஆம் பிரிவில் பரிவர்த்தனைக்கு இலக்கணம் சொல்லி, 120-ஆம் பிரிவில் ஓர் அழகான நியாயத்தையும் வைத்திருக்கிறது: மாற்றிக்கொள்ளும் இருவரும், தாம் கொடுக்கும் பொருளைப் பொறுத்தவரையில் விற்பவருக்குரிய உரிமைகளையும் பொறுப்புகளையும், தாம் பெறும் பொருளைப் பொறுத்தவரையில் வாங்குபவருக்குரிய உரிமைகளையும் பொறுப்புகளையும் உடையவர்கள். ஆகவே நம் அன்பர் ஒரே நாளில் விற்றவரும் ஆகிறார், வாங்கியவரும் ஆகிறார். இரண்டு பொறுப்புகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றொன்றை மறந்துவிடுவதுதான் இத்தகைய மாற்றங்களில் வழக்கமாக நேரும் பிசகு.

என்ஜின் புகை, ஆயில் கசிவு, கிளட்ச் வழுக்கல், ஃபோர்க்கின் கோணல் இவற்றையெல்லாம் நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் அவர் சொல்லிவிடுவார். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரத்தில் வார்த்த டயர் என்று அர்த்தம். அதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் நின்று பேச விரும்புவது வேறொரு விஷயத்தைப் பற்றி. அது சேஸிஸ் நம்பர்.

மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலை இடப்பக்கமாக முழுவதும் திருப்பி நிறுத்திவிட்டு, விளக்குக்குப் பின்னால் உள்ள கழுத்துக் குழாயின் வலப்புறத்தை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அங்கேதான், மண்ணுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடியில், இரும்பிலேயே அடித்த பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் வெளிப்படும். உலகத்து வாகனங்களுக்கெல்லாம் பொதுவான சர்வதேசத் தர நிர்ணயத்தின்படி அமைந்த வரிசை அது. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றுக்கும் அதில் இடமே கிடையாது. ஒன்றோடும் சைபரோடும் மயங்கிவிடும் என்பதால் ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். முதல் மூன்று எழுத்துகள் வண்டி பிறந்த தேசத்தையும் செய்த நிறுவனத்தையும் சொல்லும். நம் நாட்டு வண்டியானால் பெரும்பாலும் முதல் எழுத்து எம். இரண்டாவது ஏ முதல் இ வரைக்குள் ஒன்று. எம்.டி.6 என்று தொடங்கினால் ஓசூர் டி.வி.எஸ்.; எம்.இ.3 என்று தொடங்கினால் சென்னை ராயல் என்ஃபீல்ட், எம்.டி.2 என்றால் பஜாஜ். தயாரித்த மாதம் அடையாள எண்ணிலேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122-ஆவது விதி. மாதத்தையும் வருஷத்தையும் குறிக்கும் எழுத்துகளை எந்த இடத்தில் வைப்பது என்பது மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த எண்ணைப் பிரதி எடுக்கும் முறை என்னை எப்போதும் நிற்க வைத்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரும்பைத் துடைக்கிறார்கள். எண் உள்ள இடம் முழுவதும் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கிறார்கள். பிறகு செல்லோடேப் துண்டு ஒன்றை அதன்மேல் அழுத்தி, மெதுவாக உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டுகிறார்கள். குழிந்த எழுத்துகளுக்குள் கரி போகாமையால், சாம்பல் நிறத் தரையில் பதினேழு வெண்ணிற எழுத்துகள் அப்படியே எழுந்து நிற்கும். இதற்குப் பென்சில் பிரிண்ட் என்று பெயர். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லாச் சான்று கேட்கும் 28-ஆம் படிவத்தில் இதை ஒட்டுவதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். எத்தனையோ காரியங்கள் கணினிக்குப் போய்விட்ட இக்காலத்திலும், இரும்பைத் தொட்டு எடுத்த இந்தக் கரிப் படிவத்துக்கு அலுவலகம் மரியாதை கொடுப்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. போட்டோவில் காணாத விஷயங்களைப் பென்சில் காட்டிக்கொடுக்கும்: வரிசை நேராக இல்லாமல் ஏறி இறங்குவது, ஓர் எழுத்து மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக விழுந்திருப்பது, தரையிலே அரத்தின் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது.

இதைவிட ஆச்சரியமான ஒன்று உண்டு. திருட்டு வண்டியின் எண்ணை அரத்தால் ராவி வழுவழுப்பாக்கிவிட்டாலும், எண் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. எஃகில் அச்சை ஓங்கி அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் குழியோடு காரியம் முடிவதில்லை. அந்தக் குழிக்கு அடியில் உள்ள உலோகத்தின் படிகங்களும் நசுங்கி, தங்கள் ஒழுங்கிலிருந்து விலகிவிடுகின்றன. மேற்பரப்பை ராவினவன் குழியை எடுத்தானே தவிர, அடியில் நசுங்கிய அடுக்கை எடுக்கவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் செம்புக் குளோரைடும் சேர்ந்த ஃபிரை கரைசலைத் தடயவியல் நிபுணர்கள் அந்த இடத்தில் தடவுகிறார்கள். நசுங்கிய பகுதியை அமிலம் அரிக்கும் வேகம் வேறு, நசுங்காத பகுதியை அரிக்கும் வேகம் வேறு. ஆதலால் ஒன்றுமே இல்லாதிருந்த இரும்பில் பழைய எழுத்துகள் மங்கலாக மேலே வருகின்றன. நசுங்கிய அடுக்கு முழுவதையும் தாண்டி ஆழமாக ராவியிருந்தால்தான் அவை திரும்புவதில்லை.

எங்கள் வீட்டில் பாட்டியின் பித்தளைத் தவலை ஒன்று இருக்கிறது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய அவர் பெயர், தலைமுறைக் கணக்கில் புளி போட்டுத் தேய்த்து மழுங்கியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்றும் படிக்க வருகிறது. பாத்திரத்தில் பொறித்திருப்பது சொந்தக்காரரின் பெயர். வண்டியில் பொறித்திருப்பதோ வண்டியின் பெயர் மாத்திரமே. சொந்தக்காரருடைய பெயர் வண்டியில் எங்கேயும் இல்லை. அது அரசாங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது. இரும்பில் உள்ள எண்ணும் பதிவேட்டில் உள்ள பெயரும் எங்கே சந்திக்கின்றனவோ, அங்கேதான் சட்டம் உடைமையைக் காண்கிறது. சாவி யார் கையில் இருக்கிறது, பெட்ரோல் யார் போடுகிறார் என்பதை அது பார்ப்பதில்லை.

ஆனால் நம்மவர்களோ சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கை மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். டெலிவரி நோட் என்று ஒன்று எழுதிக்கொள்கிறார்கள். இத்தனாம் தேதி, இத்தனை மணி, இத்தனை நிமிஷம் முதல் இந்த வண்டியால் உண்டாகும் கேஸ், விபத்து யாவற்றுக்கும் வாங்கினவரே பொறுப்பு என்று அதில் கண்டிருக்கும். எழுதிக்கொண்ட இருவருக்கும் இடையே அது ஓர் ஆதாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டி நாளை ஒரு குழந்தையின்மேல் ஏறிவிட்டால், அக்குழந்தையின் பெற்றோர் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். 2009-ஆம் வருஷத்தில் வடநாட்டில் நடந்த ஒரு விபத்தில், பின்னோக்கி வந்த மாருதி கார் மோதி ஒரு சிறுவன் உயிரிழந்தான். அந்தக் கார் அதற்குள் பல கைகள் மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்தது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு, பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று முடித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை, கை மாறிய வண்டியின் பின்னால் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வைக்கக்கூடாது என்ற கருணை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. விற்றவருக்கு அது கடுமையாகத் தோன்றலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு கேட்பது அதிகமில்லை. மாநிலத்துக்குள் மாற்றமானால், கொடுத்தவர் 14 நாளுக்குள் 29-ஆம் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். பெற்றவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு 30-ஆம் படிவம். பரிவர்த்தனையில் இந்த வேலை இரட்டிப்பு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜோடிப் படிவங்கள். படிவத்தில் வாங்குபவர் பெயரை எழுதாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கெட்ட சம்பிரதாயம் ஒன்று ஊரெங்கும் பரவியிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி நாலு பேர் கை மாறும், பெயரோ மாறாது. நண்பர்தானே, அவரிடம் எப்படிக் கண்டிப்பாகப் பேசுவது என்ற கூச்சத்தினால்தான் பலர் இதற்கு இணங்குகிறார்கள். நண்பரானால் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதன் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் பெயர் மாறாது. கடன் தீர்ந்திருந்தால் முதலில் 35-ஆம் படிவம் கொடுத்து அதை நீக்கியாக வேண்டும்.

இன்சூரன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி கை மாறினால், பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பு வண்டியோடு தானே மாறிவிடுவதாகச் சட்டம் கொள்கிறது. வாங்கினவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படித் தானாக மாறுவதில்லை என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நஷ்டஈடு கேட்காதவருக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற சலுகையோ வண்டியைச் சேர்ந்ததல்ல, மனிதரைச் சேர்ந்தது. இருவரும் இருசக்கர வண்டிக்காரர்கள் ஆதலால், அவரவர் கம்பெனியிடம் அதற்கான கடிதத்தைப் பெற்றுக்கொண்டால், அவரவர் சலுகையைப் புதிதாய் வந்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகச் சிலரே.

ஆகையால் அன்பர், சாவிகளை மாற்றிக்கொள்வதற்கு முன்பே நண்பருடன் உட்கார்ந்து இரண்டு வண்டிகளுக்குமான விண்ணப்பங்களையும் ஒரே சமயத்தில் முடித்துவிடுவது உத்தமம். ஒன்று முடிந்து மற்றொன்று தொங்கினால் மனஸ்தாபம் வரும். மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பு எப்போதோ யாருக்கோ விற்றுவிட்டோம் என்று நீங்கள் மறந்துவிட்ட வண்டியின் பதிவு எண் உங்கள் பழைய டயரியில் இருக்கும். அதை எம்-பரிவாகன் செயலியில் இட்டுப் பாருங்கள். அங்கே பாதி மறைத்துக் காட்டும் பெயர் உங்களுடையதாகவே இருந்தால், வாங்கினவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் அகப்படாவிட்டால், விற்றதற்கான ஆதாரத்துடன் உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு இந்த வாரமே எழுத்து மூலம் தெரிவித்து, அத்தாட்சி பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.