மூச்சை எண்ணிப் பழகுதல்

பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரில் குடியேறிய நம்மில் பலருக்கு உடல் இங்கும் உள்ளம் ஊரிலுமாக வாழ்க்கை நடக்கிறது. முதுமையுற்ற பெற்றோர், தீராத நிலத் தகராறு, அடுத்த மாத வாடகை என மனம் ஓயாது அலைகிறது. அதனை ஓரிடத்தில் நிறுத்தப் பழக்குவதே பௌத்தர்களின் சமத தியானம். சமதம் என்பதற்குப் பாலி மொழியில் அமைதி என்று பொருள்.

இது தமிழகத்துக்கு அந்நியமானதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் 'விசுத்திமக்கம்' இயற்றிய புத்தகோசர், காஞ்சியிலும் தங்கியவர். தியானத்துக்குரிய பொருள்களை நாற்பதாக வகுத்த அவர், மூச்சுப் பயிற்சியைப் படிப்படியாக விளக்குகிறார். முதலில் மூச்சை எண்ண வேண்டும். எண்ணிக்கை ஐந்துக்குக் குறையவோ பத்தைக் கடக்கவோ கூடாது. மனம் ஊன்றியபின் எண்ணுவதை விட்டு மூச்சைத் தொடர வேண்டும்; பின்னர் அது நாசி நுனியில் தொடும் இடத்திலேயே கருத்து நிற்க வேண்டும். வாயிற்காவலன் வருவோர் போவோர் பின்னே ஓடுவதில்லை என்பது அவர் காட்டும் உவமை.

பெங்களூர் காந்திநகரில் ஆசார்ய புத்தரக்கிதர் 1956ஆம் ஆண்டு நிறுவிய மகாபோதி சங்கம் பௌத்த நெறியையும் தியானத்தையும் கற்பித்து வருகிறது. நகருக்கு வெளியே, தும்கூர்ச் சாலைப் பக்கம் ஆலூர்க் கிராமத்தில் 'தம்ம பபுல்லா' நிலையம் உள்ளது. பர்மாவில் பிறந்த கோயங்கா 1969இல் இந்தியாவில் தொடங்கிய பத்து நாள் பயிற்சி அங்கு நடைபெறுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். பத்தாம் நாள் வரை மௌனம் காக்க வேண்டும். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனித்து மனத்தை ஒருமுகப்படுத்துவர். அதன்பின் உடலுணர்ச்சிகளை நோக்கும் விபஸ்ஸனா தொடங்கும். கட்டணம் இல்லை, முன்னர்ப் பயின்றோரின் நன்கொடையால் நடக்கிறது. மனநோய்க்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய முகாம்களுக்குச் செல்லலாகாது.

நாம் முதன்முதலில் எண்ணத் தொடங்கியபோது, ஏழு வருமுன் மனம் ஊருக்குப் போய்விட்டது. மறுபடியும் ஒன்று, மறுபடியும் ஊர். நமக்கு இது வாராது என்றே எண்ணினோம். ஆனால், போன மனத்தைக் கண்டுகொண்டு, சினமின்றி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதே பயிற்சி என்பது பின்னரே விளங்கிற்று. தவறியதாக நாம் கருதிய இடந்தான் கற்கும் இடம்.

கிராமத்து அமைதி நம்முடன் பேருந்தேறி நகரத்துக்கு வாராது. நாள்தோறும் கால் மணி நேரமேனும் வீட்டில் அமர்வோர்க்கே முகாமில் பெற்றது நிலைக்கும். ஊர்க்கவலை ஒழிந்துவிடும் என்பதன்று. அது வந்து நிற்கும்போது, அதன் பின்னே ஓடாமல் வாயிலில் நிற்கக் கற்றிருப்போம்.