ஐம்பது ரோஸ் கலர்ச் சட்டைகள்

ரோஸ் கலரில் சட்டை போட்டுக்கொண்டு வந்ததற்காக ஒரு பையனை அடிக்க வருவார்களா? வந்திருக்கிறார்கள்.

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு மாகாணம். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர் போன பள்ளத்தாக்கு ஒன்று அங்கே உண்டு. அந்தப் பக்கத்தில் உள்ள சென்ட்ரல் கிங்ஸ் உயர்நிலைப் பள்ளியில், 2007-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பள்ளி திறந்த சமயத்தில் நடந்தது இது. ஒன்பதாவதில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருவன் அந்த நிறத்தில் டி-ஷர்ட் போட்டு வந்தான். சில பையன்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் போடும் நிறத்தைப் போட்டிருக்கிறான், அப்படியானால் இவன் ஆண்களை விரும்புகிறவன் என்று கேலி பேசி, அடிப்போம் என்றும் மிரட்டினார்கள்.

பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த டேவிட் ஷெப்பர்டு, டிராவிஸ் பிரைஸ் என்ற இரண்டு பேரின் காதில் விஷயம் விழுந்தது. அந்தப் பிள்ளை அவர்களுக்கு உறவும் இல்லை, சிநேகிதனும் இல்லை. கடைசி வருஷம், நமக்கேன் வம்பு என்று இருந்திருக்கலாம். பக்கத்து மலிவு விலைக் கடைக்குப் போய் ரோஸ் கலரில் 50 சட்டைகளை வாங்கினார்கள். (ஒரு சட்டை எடுக்கவே நமக்கு நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது!) ராத்திரியே கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் சேதி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், வாங்கி வந்த ஐம்பது எந்த மூலைக்கு? நூற்றுக்கணக்கான பேர் அதே நிறத்தில் வந்து நின்றார்கள். சிலர் தலையிலிருந்து கால்வரை ரோஸ். அந்தச் சின்னப் பையன் உள்ளே வந்து பார்த்தபோது, தோளிலிருந்து பெரிய பாரத்தை இறக்கி வைத்தாற்போல் இருந்தான் என்று டிராவிஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

மிரட்டுகிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நாலைந்து பேர்தான். வாயை மூடிக்கொண்டிருக்கிற மற்றவர்களையெல்லாம் தங்கள் கட்சி என்று அவர்கள் கணக்குப் பண்ணிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே ராத்திரியில் கலைத்துவிட்டார்கள்.

இப்போது கனடாவில் பிப்ரவரி கடைசி புதன்கிழமை அன்று பள்ளிப் பிள்ளைகள் அந்த நிறத்தில் உடுத்திப் போகிறார்கள். அங்கே இருக்கும் என் அண்ணன் மகள், "அத்தை, நாளைக்கு பிங்க் சட்டை வேணுமாம், ராத்திரி எட்டு மணிக்கு வந்து சொல்றான்!" என்று போனில் அலுத்துக்கொண்டபோதுதான் எனக்கே இந்தக் கதை தெரியும். எதற்காக என்று அவள் மகனைக் கேட்டேன். "எல்லார்கிட்டேயும் அன்பா இருக்கணும்" என்றான். நல்லதுதான். ஆனால் அந்தப் பையனை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. விழா பெரிதாக ஆக, அது எந்த வசவுக்கு எதிராகப் பிறந்ததோ அதைச் சொல்லக் கூச்சப்பட ஆரம்பித்துவிடுகிறோம்.

"இதையெல்லாம் குடும்பப் பெண்கள் படிக்கிற புத்தகத்துல எழுதணுமா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்த வசவு இல்லையா மாமி? நடை கொஞ்சம் நளினமாக இருந்தால் போதும், குரல் உடையத் தாமதமானால் போதும், ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டே பிள்ளையை அழ வைத்துவிடுவார்களே. அந்த எண் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சட்டைக் கதை ஒரு நாளில் முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. அமெரிக்காவில் மார்மன் சபையின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியில், 1995-இல் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி மாணவி கெல்லி பீட்டர்சன் ஒரு சங்கம் கேட்டாள். தன்னைப்போல் தன் இனத்தவரையே விரும்பும் பிள்ளைகளும், அவர்களுக்குத் துணை நிற்கும் மற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு இடம், அவ்வளவுதான். பாடத்துக்குப் புறம்பான ஒரு சங்கத்தை அனுமதித்தால் மற்றவற்றையும் அனுமதிக்க வேண்டும் என்று 1984-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. மாணவர்கள் பைபிள் படிக்கக் கூடுவதற்காகப் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் அது! நிர்வாகக் குழு என்ன செய்தது தெரியுமா? 1996 பிப்ரவரியில் நாலுக்கு மூன்று ஓட்டில், பாடத்துக்குப் புறம்பான அத்தனை சங்கங்களையும் மூடிவிட்டது. ஒருத்திக்குச் சோறு போட மனமில்லாமல் அடுப்பையே அணைத்த மாதிரி. தங்கள் சங்கம் போன ஆத்திரத்தை அவள்மேல் காட்டியவர்களும் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி, மாநிலச் சட்டமன்றம் வரை ஊர்வலம் போனார்கள். 2000-இல்தான் குழு இறங்கி வந்தது. கெல்லி பள்ளிக்கூடத்தை முடித்துப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

இந்த மாதிரிச் சங்கத்துக்கு முன்னோடி 1988-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் அகாடமி என்ற பள்ளியில் தொடங்கியது. சரித்திர ஆசிரியர் கெவின் ஜென்னிங்ஸிடம் போய்க் கேட்டவள் ஒரு மாணவி. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளுடைய அம்மா அப்படி. அம்மாவைப் போன்றவர்களை அங்கே நடத்துகிற விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவுக்காக மகள் வாதாடப் போயிருக்கிறாள் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடாதா?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. இது வியாதியே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. 2018 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து இப்படி வாழ்வது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைத் தாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று மனநல நிபுணர் ஒருவருடன் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் உத்தரவு போட்டார். மாற்றுகிறேன் என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது, பள்ளி கல்லூரிகளிலும் பெற்றோரிடமும் இதைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்.

பிள்ளை தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறானா? பி.டி. பீரியடு உள்ள நாளில் மட்டும் லீவு கேட்கிறானா? பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு வந்து, வீட்டு வாசல்படி ஏறியதும் ஓடுகிறானா? சுக்குக் கஷாயம் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்த்தி, "யாருடா என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். "நீ ஏன் அப்படி நடக்கிறே?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதோடு வாயை மூடிக்கொள்வான். கூடவே, எந்தத் தொல்லையும் இல்லாமல் சிரித்துக்கொண்டு வருகிற பிள்ளையிடமும், "உங்க கிளாஸ்ல யாரையாவது அப்படிக் கூப்பிடறாங்களா? அப்போ நீ என்ன பண்றே?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லியும் கேட்கவில்லை என்றால் குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. பிள்ளையே கூப்பிட்டுப் பேசலாம்.