பழைய படகும் புதிய யந்திரமும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந் தேதி பிறந்ததும் நமது கிழக்குக் கரைத் துறைமுகங்களில் ஓர் அமைதி குடிகொள்ளுகிறது. மீன்கள் இனம் பெருகும் காலத்தை முன்னிட்டு விசைப்படகுகளுக்கு விதிக்கப்பட்டுள்ள தடை, ஜூன் 14-ந் தேதி வரை 61 நாட்கள் நீடிக்கிறது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் படகுகள் கரையேறுகின்றன. கலப்பத்து வேலை ஒருபுறம், வர்ணப் பூச்சு ஒருபுறம், யந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது ஒருபுறம். அவ்வேளையில் படகுக்காரர் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: பல வருஷம் உழைத்துக் களைத்த யந்திரத்தைப் புதுப்பிப்பதா, அல்லது அதைக் கழித்துவிட்டு வேறொன்று வைப்பதா?

இது ஒரு தனி மனிதரின் கைப்பொருளைப் பற்றிய விஷயம்தானே, இதில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. வருமானமே இல்லாத இரண்டு மாதங்களில் புது யந்திரத்திற்காகப் பெருந்தொகை கடன்படுகிறவர்களில் பலர், மீன் வியாபாரியிடமே கை நீட்டுகின்றனர். கடன் தீரும் வரை பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். அவர் வைத்ததே விலை, அவர் கழித்ததே தரகு. படகு மீனவருடையது, அது ஈட்டும் பொருள் பிறருடையது என்ற நிலை இவ்வாறுதான் உண்டாகிறது. ஒரு தவறான யந்திரம் ஒரு குடும்பத்தின் சுதந்திரத்தையே அடகு வைத்துவிடக் கூடும்.

ஆகையால் முதலில் வேண்டுவது பரீட்சை, தீர்ப்பு பிறகுதான். கறுப்புப் புகை கண்டவுடனேயே யந்திரம் ஒழிந்தது என்று முடிவு கட்டுவோர் உண்டு. டீஸல் முழுவதும் எரியவில்லை என்பதே அப்புகையின் பொருள். காற்று போதாமலிருக்கலாம், இன்ஜெக்டர் சரியாகத் தூவாமலிருக்கலாம், புரொப்பெல்லர் அளவுக்கு மிஞ்சிய பாரமாயிருக்கலாம். இவையெல்லாம் சிறு செலவில் தீரக் கூடியவை. நீலப் புகை கண்டால் மசகெண்ணெய் எரிகிறதென்று அறியலாம். ரிங்குகளும் லைனர்களும் தேய்ந்திருத்தல் அதற்கு முக்கிய காரணம். மசகெண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்று திண்ணமாகச் சொல்லலாம்.

டீஸல் யந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட காற்றின் உஷ்ணத்தினாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளுகிறது. எனவே அழுத்தமே அதன் உயிர். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து பார்த்தால், நோய் எங்கே, எவ்வளவு என்பது விளங்கிவிடும். தேயும் உறுப்புகள் பெரும்பாலும் மாற்றத்தக்கனவே. லைனரை உருவிப் புதிது இறக்கலாம். பிஸ்டன், ரிங், பேரிங் இவற்றை மாற்றலாம். கிராங்கைக் கடைந்து, அதற்கேற்ற அளவில் பேரிங் போடலாம். பிளாக் நன்றாயிருக்குமாயின், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரின் உழைப்பால் அந்த யந்திரம் இன்னும் பல பருவங்கள் கடலில் ஓடும்.

புதுப்பிப்பதே எக்காலத்தும் மேலானது என்று நாம் வாதிக்க வரவில்லை. பிளாக் வெடித்திருந்தாலும், தண்ணீர் ஓடும் வழிகளை உப்பு அரித்துத் தின்றிருந்தாலும், கிராங்க் கடையக் கூடிய எல்லையைக் கடந்திருந்தாலும், உதிரிப் பாகங்கள் கிடைப்பதே நின்றுபோயிருந்தாலும், பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது சிக்கனமாகாது. நடுக்கடலில் நின்றுவிடும் யந்திரம் உயிருக்கே உலை வைக்கும். அப்பொழுது மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதை வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர்.

பக்கத்துப் படகில் நூறு குதிரைத் திறன் என்றால் நமக்கு இருநூறு வேண்டும் என்னும் ஆசையை அறிவு அடக்க வேண்டும். நீரைப் பிளந்து செல்லும் கனத்த படகுக்கு இயற்கை ஒரு வேக எல்லையை வகுத்திருக்கிறது. 1872-ல் இங்கிலாந்தின் டார்க்கீயில் நீர்த்தொட்டி அமைத்து, சிறு மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துச் சோதித்த வில்லியம் பிரௌட் என்பாரின் ஆராய்ச்சி இத்துறைக்கு அடிப்படையாயிற்று. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், ஏறக்குறைய அதன் எல்லை வேகம் கடல்மைல் கணக்கில் கிடைக்கும். 36 அடி நீளமாயின் வர்க்கமூலம் 6. வேகம் மணிக்குச் சுமார் 8 கடல்மைல். அதற்குமேல் போக முயலும் படகு, தானே எழுப்பிய அலையின்மேல் தானே ஏற முயலுகிறது. மேலும், வேண்டும் சக்தி வேகத்தின் கனத்தை ஒட்டி ஏறுகிறது. 7 கடல்மைல் வேகத்தை 8 ஆக்க ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி தேவை. எல்லையை நெருங்க நெருங்க இன்னும் அதிகம். யந்திரத்தை இரட்டிப்பாக்குகிறவர் வேகத்தை இரட்டிப்பாக்கவில்லை. எண்ணெய்ச் செலவைத்தான் பெருக்கிக்கொள்ளுகிறார். இது யானையைக் கட்டித் தீனி போடும் கதையே.

“வலையை இழுக்கச் சக்தி வேண்டாமா?” என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் இழுவை குதிரைத் திறனை மட்டும் பொறுத்ததன்று. தகுந்த கியர் விகிதத்துடன் மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லர், வேகமாகச் சுழலும் சிறியதைவிட நன்றாக இழுக்கும். யந்திரத்தை மாற்றிவிட்டுக் கியரையும் புரொப்பெல்லரையும் கவனியாமல் விடுவது, புது மாட்டைப் பழைய நுகத்தடியில் பொருந்தாமல் பூட்டுவது போலாகும்.

படகின் வயதையும் மறக்கலாகாது. யந்திரம் அமரும் கட்டைகள் உளுத்திருந்தால், புதிய யந்திரத்தின் அதிர்ச்சி படகையே குலைத்துவிடும். யந்திரமும் ஷாப்டும் மயிரிழை பிசகாமல் ஒரே நேரில் அமைய வேண்டும். கரையில் சரியாயிருந்தது நீரில் இறங்கியதும் மாறக் கூடும். மிதக்கும்போது படகின் வடிவம் சிறிது வேறுபடுவதே காரணம். ஆகவே நீரில் இறக்கிய பின் மறுபடியும் சரிபார்க்காத வேலை முடிந்த வேலையன்று.

படகுக்கும் யந்திரத்துக்கும் உள்ள இப்பொருத்தத்தை அண்டை மாநிலமான கேரளம் முன்னரே அனுபவத்தில் கண்டது. 1952-ல் ஏற்பட்ட இந்திய-நார்வே உடன்படிக்கையின்படி கொல்லத்தையடுத்த நீண்டகரைப் பகுதியில் வேலை தொடங்கியபோது, இருந்த நாட்டுப் படகுகளிலேயே யந்திரம் பொருத்திப் பார்த்தனர். அது சரிப்படவில்லை. யந்திரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த புதிய படகுகளைக் கட்ட வேண்டியதாயிற்று. படகைப் பாராமல் யந்திரத்தைப் பார்ப்பது வீண் என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

இதில் பொது நன்மையும் அடங்கியிருக்கிறது. யந்திரத்தின் பலம் வளருகிறதேயன்றிக் கடல் வளரவில்லை. பெரிய யந்திரத்தின் கடனை அடைக்கப் பெரிய வலை, அதற்காக இன்னும் அதிக எண்ணெய் என்று போட்டி நீளுமாயின், நாளைய மீனை இன்றே பிடித்துவிடுவோம். சிறு வல்லக்காரரின் பிழைப்பும் பறிபோகும். தமிழ்நாட்டில் 2020-ல் திருத்திய விதிகள் குதிரைத் திறனுக்கு உச்சவரம்பு கட்டியது நியாயமே. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. துறைமுகந்தோறும் பொதுப் பட்டறை ஒன்றும், அழுத்தம் அளக்கும் கருவிகளும், முறையாகப் பயின்ற மெக்கானிக்குகளும் வேண்டும். யந்திரம் புதுப்பிப்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த வட்டியில், தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னரே கடன் கொடுக்க வேண்டும். மீனவர் நலனுக்காக உழைக்கும் அன்பர்கள் மேடைப் பேச்சோடு நில்லாமல் இக்கோரிக்கைகளைக் கையிலெடுப்பார்களாக.

படகுக்காரச் சகோதரர்களுக்கு நாம் சொல்லுவது இதுவே: முதலில் அளவுங்கள்; பிறகு பிரியுங்கள்; அதன் பின்னரே விலை கேளுங்கள். ஜூன் 15-ந் தேதி கடலில் இறங்கும் படகு, கடனை இழுத்துச் செல்லாமல் வலையை இழுத்துச் செல்லட்டும்.