பீரோவில் இருப்பதெல்லாம் நம் புடவையா?

"கட்டிக்க ஒரு நல்ல புடவைகூட இல்லை!" பீரோ முழுக்கப் புடவையை அடுக்கி வைத்துக்கொண்டு, அதன் முன்னால் நின்று இப்படிப் புலம்பாத பெண் உண்டா? நானும் பல வருஷம் புலம்பியவள்தான். போன தை மாதம் அந்தப் புலம்பலுக்கு ஒரு முடிவு கட்டினேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு போட்டோ. உறவில் ஒரு கிரகப்பிரவேசம். ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகை பார்டர் போட்ட, கனமான பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். பிறகு போட்டோவைப் பார்த்தபோது திக்கென்றது. ஐந்தடிகூட இல்லாத என்னை அந்த பார்டர் இன்னும் குட்டையாகக் காட்டியது. முகத்திலோ, 'எப்போதடா இதை அவிழ்ப்போம்' என்கிற களைப்பு. இத்தனைக்கும் அது என்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த புடவை!

மறுநாள் வீட்டு வேலை முடிந்ததும் பீரோவைக் காலி செய்து கட்டில் மேல் பரப்பினேன். "என்னம்மா, கடை போடப் போறியா?" என்று மகள் கேலி செய்தாள். எங்களோடு இருக்கும் என் அம்மா, ஒரு ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள்.

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 58 புடவைகள். மூன்று குவியலாகப் பிரித்தேன். ஒரு வருஷத்தில் ஐந்து தடவைக்கு மேல் கட்டியவை ஒன்று. ஒன்றிரண்டு தடவை கட்டியவை இன்னொன்று. தொடவே தொடாதவை மூன்றாவது. முதல் குவியலில் இருந்தவை எத்தனை தெரியுமா? ஒன்பதே ஒன்பது!

அப்படியானால் மற்ற 49 எப்படி வந்தன? பாதிக்கு மேல், விசேஷங்களில் வைத்துக் கொடுத்தவை. கொஞ்சம், அடுத்த வீட்டம்மா கட்டியதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவை. கொஞ்சம், தள்ளுபடியில் 'விலை சல்லிசாக இருக்கிறதே' என்று எடுத்தவை. மீதி எல்லாம் சாம்பல், பிஸ்கட், வெளிர் நீலம். நாற்பது வயதுக்கு மேல் வாங்கியவை அவை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் ராணிக் கலர் புடவை கட்டியிருந்தேன். "இந்த வயசுல ராணிக் கலரா, அண்ணி?" என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, கடையில் பளிச்சென்ற கலரைத் தொடவே என் கை கூசியது.

சரி, அந்த ஒன்பது புடவைகளைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எல்லாமே பருத்தி. எல்லாவற்றுக்கும் இரண்டு விரல் பார்டர். அரக்கு, மயில்கழுத்து, பாக்கு நிறம் என்று அழுத்தமான கலர்கள். அதில் மூன்று எங்கள் மதுரைச் சுங்குடி. யாரும் சொல்லித் தரவில்லை, சினிமா பார்த்தும் வரவில்லை. காலையில் அவசரமாகப் பீரோவைத் திறக்கும்போது என் கை தானாகப் போன புடவைகள் இவை. 'ஸ்டைல்' என்கிறார்களே, எனக்கு அது இதுதான்!

வெளிர் கலர்களை எல்லாம் ஒன்றாக அடுக்கி, "அம்மா, இதெல்லாம் நீ கட்டிக்கோயேன். உனக்குச் சரியா இருக்கும்" என்றேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மா ஒரு புடவையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் இந்தக் கலர் பிடிக்காதுடி."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா வெளிர் கலர்தான் கட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்குச் சந்தனக் கலரும் சாம்பல் கலரும் வாங்கி வந்தது யார்? நான்தானே! நாத்தனார் ஒரு வார்த்தையில் எனக்குச் செய்ததை, நான் ஆறு வருஷமாக வாயே திறக்காமல் அம்மாவுக்குச் செய்திருக்கிறேன்.

அந்த வாரமே அம்மாவை விளக்குத்தூண் பக்கம் புடவை எடுக்க அழைத்துப் போனேன். இந்தத் தடவை நான் எதையும் எடுத்துப் போடச் சொல்லவில்லை. "உனக்கு என்ன பிடிக்கிறதோ பாரும்மா" என்று சும்மா இருந்தேன். அன்று புரிந்துகொண்ட சில விஷயங்கள் உங்களுக்கும் உதவும்.

புடவையைக் கடை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசல் பக்கம் எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கையில் வைத்துப் பார்த்தால் புடவை அழகாக இருக்கிறதா என்றுதான் தெரியும். தோளில் போட்டு, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தால்தான் நமக்குப் பொருந்துகிறதா என்று தெரியும். முகம் தெளிவாகத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். புடவை மட்டும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

குட்டையானவர்களுக்குச் சின்ன பார்டரும், நெடுக ஓடும் கோடுகளும் உயரம் கூட்டிக் காட்டும். நல்ல உயரமானவர்களுக்குப் பெரிய பார்டர் எடுப்பாக இருக்கும்.

சுங்குடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துணியில் நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, சாயத்தில் நனைத்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் வருகிற புள்ளிதான் அசல் சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் தொழில் இது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது அச்சுப் போட்டவையும் சுங்குடி என்றே விற்கின்றன. கையால் முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். புதுசில் தடவிப் பார்த்தால் லேசாக மேடு தட்டும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கும். முதல் சில தடவை தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

புடவை சரியாக அமைந்தும் ரவிக்கை காலை வாரிவிடுவது உண்டு. பத்து வருஷத்துக்கு முந்தின அளவு ரவிக்கையையே தையல்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் உடம்பு அப்படியேவா இருக்கிறது? புதிதாக அளவு எடுக்கச் சொன்னேன். கை முடிகிற இடத்தில்தான் பார்ப்பவர் கண் நிற்கும். அதனால் மேல்கை பருத்தவர்கள் அந்தப் பருமனான இடத்தில் கை முடியாமல், முழங்கை வரை நீட்டித் தைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். லைனிங் துணியை முன்கூட்டியே நனைத்து உலர்த்திக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி இழுக்கும்.

இன்னொன்று, நாம் யாரிடமும் சொல்லாத விஷயம். உள்பாவாடை நாடா! இறுக்கிக் கட்டிக் கட்டி என் இடுப்பைச் சுற்றிக் கருப்பாகத் தழும்பே விழுந்துவிட்டது. வியர்வையும் சேர்ந்தால் அரிப்பு வேறு. இதை அலட்சியமாக விடக்கூடாது. பல வருஷம் உராய்ந்து புண்ணாகி, ஆறாமலே இருந்த இடத்தில் அபூர்வமாகப் புற்றுநோய் வந்திருப்பதாக டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடத்தில் கட்டாமல் மாற்றிக் கட்டுங்கள். வீட்டில் இருக்கும்போது தளர்த்தி விடுங்கள். ஆறாத புண் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, அம்மா என்ன எடுத்தாள் என்று கேட்கிறீர்களா? அரை மணி நேரம் புரட்டிவிட்டு, அரக்குக் கலர் சுங்குடி ஒன்றின் மேல் கையை வைத்தாள். உடனே கையை எடுத்துக்கொண்டு, "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றாள்.

"அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி இருந்தேன்மா. இனிமேல் இல்லை" என்றேன்.

வாங்கி வந்து ஒரு மாதம் வரை அதை வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் என் ராணிக் கலரைக் கட்டிக்கொண்டு கூடக் கிளம்பினேன்.

தொடாத புடவைகளில் நல்லவற்றை, ஆசையாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது பீரோவில் 22 இருக்கின்றன. 'கட்டிக்க ஒன்றும் இல்லை' என்று நான் புலம்பி மாதங்கள் ஆகிவிட்டன. என் கணவருக்குத்தான் இதில் ரொம்பச் சந்தோஷம்!

ஒரு மத்தியானம் ஒதுக்கி, நீங்களும் உங்கள் பீரோவைக் காலி செய்து பாருங்களேன். அப்படியே, உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ மாமியாரோ இருந்தால், அவர்களுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.